நோய்க் காப்புறுதியும் அரசாங்க மானியமும்: தோட்டத்து நிலையினின்று ஓர் ஆராய்ச்சி

பிணி என்பது அழையாமல் வரும் விருந்து. செல்வர் இல்லத்திற்கும் அது வரும். வறியவர் குடிலுக்கும் வரும். ஆயின் வந்த பின்னர் இருவரிடத்தும் அது செய்யும் கேடு ஒன்றன்று. செல்வனுக்கு அது சில நாள் துன்பம். நாட்கூலி பெற்று வாழ்வானுக்கோ அது நோயாகவும், வேலையிழப்பாகவும், கடனாகவும் முப்படையாய் வந்து சூழ்வது. இவ்வேற்றுமையைக் குறைத்தற்கு இற்றை நாளில் உலகத்தார் கண்ட வழிகளுள் ஒன்று நோய்க் காப்புறுதி. அக்காப்புறுதிக்கான கட்டணத்தை வறியவர் தாமே செலுத்தவியலாதவிடத்து, அரசாங்கம் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வது மானியம். இம்மானியத்தை விரித்தல் வேண்டுமா, விரிப்பின் எவ்வாறு விரித்தல் வேண்டும் என்பது பல நாடுகளிலும் ஆராயப்படும் பொருளாகும். நமுனுகுல மலைச்சாரலிலும் ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் வாழும் நம்மவர்க்கு இதனாற் பயன் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவுறாது. இப்பகுப்பு நமக்கு நல்லதோர் அளவுகோலாகும். எந்தத் திட்டத்தை எவர் முன்வைப்பினும், அது இந்நான்கனுள் எவ்வெவற்றுக்குப் பொருளுதவி செய்கின்றது, எதனைக் கைவிடுகின்றது என்று வினவுவோமாக.

காப்புறுதி என்பது யாது?

காப்புறுதி என்னும் சொல் புதிதாயினும் அதன் கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டந்தோறும் மரணாதார சங்கம் என ஒன்று இருத்தலை யாவரும் அறிவர். லயத்திலுள்ள ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகின்றது. எந்த வீட்டிற் சாவு நேர்கின்றதோ அந்த வீட்டாருக்குப் பந்தற் செலவும் பெட்டிச் செலவும் சங்கத்தினின்று கிடைக்கின்றன. எவர் வீட்டில் எப்பொழுது துன்பம் நேரும் என்பதை ஒருவரும் அறியார். ஆயினும் இத்தனை குடும்பங்களுள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இத்தனை சாவு நேரும் என்பதை யாவரும் அறிவர். தனியொருவனுக்கு நிச்சயமற்றதாயிருப்பது கூட்டத்துக்கு ஏறக்குறைய நிச்சயமாகின்றது. இவ்வுண்மையின் மேலேதான் காப்புறுதித் தொழில் முழுவதும் நிற்கின்றது.

இதனைக் கணக்கினால் விளக்குவோம். இங்குக் கொள்ளும் எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொண்டவையே. நூறு குடும்பங்கள் ஒரு கூட்டாகச் சேர்கின்றன. அவற்றுள் ஆண்டொன்றுக்கு ஐந்து குடும்பத்தில் ஒருவர் வைத்தியசாலையிற் சேர நேரும் எனவும், ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாய் செலவாகும் எனவும் வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 1,00,000 ரூபாய். குடும்பமொன்றுக்கு 1,000 ரூபாய். கணக்கெழுதுதல், படிவம் பார்த்தல், இலாபம் முதலியவற்றுக்கு 200 ரூபாய் கூட்டினால் ஆண்டுக் கட்டணம் 1,200 ரூபாயாகும். 20,000 ரூபாய் திடீரெனத் தேட இயலாத குடும்பம், 1,200 ரூபாயை மாதம் 100 ரூபாயாகக் கொடுத்துவிடலாம்.

கூட்டிற் சேர்வதும் சேராமையும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடின் யாது நிகழும்? உடல்வலியுள்ள இளைஞர், 'எமக்கு நோயில்லை. எதற்காக 1,200 ரூபாய்?' என்று விலகிவிடுவர். நாற்பது குடும்பம் விலகிற்று என்போம். நோயாளர் விலகார் ஆகலின் செலவு முன்போலவே 1,00,000 ரூபாயாக நிற்கும். அதனை அறுபது குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளின் தலைக்கு 1,667 ரூபாயாகும். அவ்வுயர்வைக் கண்டு இன்னும் சிலர் விலகுவர். இருபத்தைந்து குடும்பமே எஞ்சுமாயின் தலைக்கு 4,000 ரூபாயாகும். இறுதியில் நோயுற்றோர் மட்டுமே எஞ்சி, கூட்டுக் கலைந்துபோகும். மரணாதார சங்கம் ஏன் கலையாது நிலைக்கின்றது எனின், தோட்டத்திலுள்ள எல்லாரும் அதிற் சேர்ந்திருத்தலே காரணம். சாவு நெருங்கிய பின்னர்ச் சேர வருபவனைச் சங்கம் ஏற்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் அரோ 1963 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், மருத்துவம் ஏனைய சரக்குக்களைப் போலச் சந்தையிற் செவ்வனே விற்கப்படுவதன்று என்பதை விரித்துரைத்தார். நோய் எப்பொழுது வரும் என்பதை நோயாளன் அறியான். எம்மருந்து தேவை என்பதையும் அவன் அறியான். மருத்துவன் சொல்லை நம்பியே வாங்குகின்றான். 1970 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்பார், வாங்குபவனும் விற்பவனும் சமமான அறிவுடையராய் இல்லாவிடிற் சந்தை எவ்வாறு கெடும் என்பதை எடுத்துக்காட்டி, முதியோருக்குக் காப்புறுதி கிடைத்தற்கரிதாதலையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். இவ்விருவருக்கும் பிற்காலத்தில் நோபெற் பரிசு வழங்கப்பட்டது. மரணாதார சங்கத்தார் அனுபவத்தால் அறிந்ததையே இவர்கள் நூன்முறையால் நிறுவினர் எனலாம்.

மானியம் எவ்வாறு தொழிற்படுகின்றது?

மேற்கூறிய கணக்கில் அரசாங்கம் 900 ரூபாய் கொடுத்துக் குடும்பம் 300 ரூபாய் மட்டும் கொடுக்கும்படி செய்யுமாயின், உடல்வலியுள்ளவனும் 'முந்நூறுதானே' என்று சேர்வான். அவன் சேர்வதனாற் கூட்டு நிலைபெறும். ஆகவே மானியத்துக்குத் தொழில்கள் இரண்டு. வறியவனின் சுமையைக் குறைத்தல் ஒன்று. நலமுள்ளோரையும் கூட்டுக்குள் நிறுத்திக் கட்டணம் ஏறாது காத்தல் மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை.

மானியம் வழங்கும் முறையும் இருவகைப்படும். குடும்பத்துக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை கொடுப்பது ஒன்று. இம்முறையிற் காப்புறுதிக் கட்டணம் ஏறுமாயின் ஏற்றத்தைக் குடும்பமே தாங்கவேண்டும். வருமானத்தில் நூற்றுக்கு இத்தனை பங்குக்கு மேல் ஒரு குடும்பம் கொடுக்கவேண்டுவதில்லை என வரம்பிட்டு, எஞ்சியதை அரசாங்கமே ஏற்பது மற்றொன்று. இம்முறையில் ஏற்றத்தை அரசாங்கம் தாங்கும், குடும்பத்துக்கு அச்சமில்லை, ஆனால் திறைசேரியின் சுமைக்கு எல்லையில்லாது போகும்.

இரண்டாவது முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்கா. அங்கு எல்லார்க்கும் பொதுவான இலவச மருத்துவம் இல்லை. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தொழில்கொள்வோர் வழியாகக் காப்புறுதி பெறாதார் 2014 ஆம் ஆண்டு முதல் தாமே காப்புறுதி வாங்கவும், நடுத்தர வருமானம் வரையுள்ளார் அதற்கு மானியம் பெறவும் வழி செய்யப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் அம்மானியம் விரிக்கப்பட்டது. எவரும் தம் வருமானத்தில் நூற்றுக்கு 8.5 பங்குக்கு மேற் செலுத்தவேண்டுவதில்லை என்பது விதியாயிற்று. 2022 ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனை 2025 ஆம் ஆண்டு முடிவுவரை நீடித்தது. 2021 இல் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சமாயிருந்த அக்காப்புறுதியாளர் தொகை 2025 இல் இரண்டு கோடியே நாற்பது இலட்சத்தைத் தாண்டிற்று. விரித்த மானியத்தை மேலும் நீடிப்பதா என்ற வழக்கே, 2025 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்நாட்டரசின் பணிகள் 43 நாள் முடங்கியமைக்கு முதன்மையான காரணமாயிற்று. மானியம் விரித்தாற் கூட்டு வளரும் என்பதும், தவணை குறித்த மானியத்தை நம்பி வாழ்வோர் அத்தவணை முடியும்போது நடுக்கமுறுவர் என்பதும் இவ்வரலாறு தரும் இரு பாடங்கள்.

பிற நாடுகளின் வழியும் வேறுபட்டது. செர்மனியிற் பிஸ்மார்க்கு 1883 ஆம் ஆண்டிலே தொழிலாளருக்குக் கட்டாய நோய்க் காப்புறுதியை ஏற்படுத்தினார். தொழிலாளரும் முதலாளியும் பங்கு செலுத்தினர். பிரித்தானியா 1911 ஆம் ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றியது. ஆயின் 1948 ஆம் ஆண்டில் அதனை விடுத்து, வரிப்பணத்தினால் எல்லார்க்கும் மருத்துவம் அளிக்கும் தேசிய சுகாதார சேவையை நிறுவிற்று.

தமிழகத்தின் அனுபவம்

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தில் இத்துறையில் நிகழ்ந்தவை நமக்கு மிக நெருங்கியவை. இந்திய நடுவணரசு 2008 ஆம் ஆண்டில் ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனா என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. வறுமைக் கோட்டின்கீழ் வாழும் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வைத்தியசாலைச் செலவு வழங்கப்பட்டது. குடும்பம் செலுத்தியது பதிவுக் கட்டணம் 30 ரூபாய் மட்டுமே. எஞ்சிய காப்புறுதிக் கட்டணத்தில் முக்காற் பங்கை நடுவணரசும் காற் பங்கை மாநில அரசும் ஏற்றன. தமிழ்நாட்டரசு 2009 சூலை மாதத்தில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கென இருந்த வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் நடுவணரசின் பிரதம மந்திரி சன் ஆரோக்கிய யோஜனாவுடன் இது இணைக்கப்பட, காப்புத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாயாயிற்று. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளுக்கும் இத்திட்டத்தில் இடமளிக்கப்பட்டிருத்தல் ஈண்டு நன்றியோடு குறிப்பிடற்பாலது.

இத்திட்டங்களாற் பல்லாயிரவர் இருதய சத்திரசிகிச்சையும் புற்றுநோய் மருத்துவமும் பெற்றனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றை ஆராய்ந்தோர் குறைகள் சிலவற்றையும் எடுத்துக்காட்டினர். முதலாவது, இவை பெரும்பாலும் வைத்தியசாலையிற் படுத்துப் பெறும் மருத்துவத்துக்கே உதவுவன. வறிய குடும்பத்தின் பணம் பெரும்பாலும் கரைவதோ வெளிநோயாளராகச் சென்று நாடோறும் வாங்கும் மருந்திலேயாம். நீரிழிவும் குருதியழுத்தமும் உடையவன் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குக் காப்புறுதி அட்டை உதவுவதில்லை. இரண்டாவது, காப்புறுதி பணங்கொடுக்கும் என்பதையறிந்த வைத்தியசாலைகள் சில, வேண்டாத சத்திரசிகிச்சைகளையும் செய்தன. பெண்களின் கருப்பையைத் தேவையின்றி அகற்றிய கொடுமை பற்றிய வழக்கொன்றில் 2023 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், இதனைத் தடுப்பதற்கான வழிகாட்டு விதிகளைக் கைக்கொள்ளுமாறு மாநிலங்களைப் பணித்தது. காவலில்லாத மானியம் நோயாளனைச் சேராது மருத்துவமனையின் கல்லாவைச் சேரும் என்பதற்கு இது சான்று.

இலங்கையின் வேறுபட்ட வழி

பிணியாளரைப் பேணல் நம் முன்னோருக்குப் பொதுவறமாயிருந்தது. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடற் கோயிற் கல்வெட்டு, 11 ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை இருந்ததைக் கூறுகின்றது. மருத்துவன், சத்திர வைத்தியன், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்குரிய நெல்லும் காசும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. வள்ளுவர் கூறிய நான்கு உறுப்புக்களும் அங்கு அமைந்திருந்தமை காண்க. இலங்கையில் மிகிந்தலையிலும் மெதிரிகிரியவிலும் பழைய வைத்தியசாலைகளின் இடிபாடுகள் இன்றும் உள.

தோட்ட மக்களின் மருத்துவ வரலாறு இதனின்றும் வேறானது. ஆங்கிலேயர் காலத்திற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் வழியிலும் லயங்களிலும் பெருந்தொகையாய் மாண்டனர். 1872 ஆம் ஆண்டில் தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென முதற் சட்டம் வந்தது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரின் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் அதன் பின் வந்தன. இவற்றின் வழியே தோட்டத்து டிஸ்பென்சரியும் தோட்ட வைத்தியசாலையும் தோன்றின. தொழிலாளனின் உடல்நலம் தோட்டத் துரையின் பொறுப்பாயிற்று. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமும் 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் இப்பொறுப்பை மேலும் வரையறுத்தன.

நாட்டின் ஏனைய பகுதிகளில் வேறு வழி வகுக்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் கட்டணமின்றிக் கிடைத்தது. இலங்கை காப்புறுதி வழியை நாடாது, வரிப்பணத்தால் வைத்தியசாலையை நடத்தும் வழியைத் தேர்ந்தது. வறிய நாடாயிருந்தும் தாய் சேய் மரணத்தைக் குறைப்பதில் உலகம் வியக்கும் நிலையை அது எய்தியது. 1971 ஆம் ஆண்டில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டபோது, வருவோர் தொகை உடனே வெகுவாய்க் குறைந்தது. 1977 ஆம் ஆண்டில் அக்கட்டணம் நீக்கப்பட்டது. கால் ரூபாய்கூட வறியவனை வைத்தியசாலை வாயிலிலே தடுத்து நிறுத்தவல்லது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. காப்புறுதிக்கு 'வெறும் மாதம் நூறு ரூபாய்' என்று சொல்வோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

தோட்டங்கள் 1975 ஆம் ஆண்டளவில் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு வந்தது. அதன் பின்னர்த் தோட்ட வைத்தியசாலைகள் பலவற்றை அரசாங்கம் படிப்படியாக ஏற்றது. ஆயினும் தோட்ட மருத்துவம் ஒரு காலை அரசாங்கத்திலும் மறுகாலைக் கம்பனியிலும் ஊன்றி நிற்கும் நிலை முற்றாக நீங்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர்.

இலவச மருத்துவத்தில் இலவசமல்லாதவை

நமுனுகுலச் சாரலிலுள்ள ஒரு தொழிலாளிக்குப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவனும் கட்டிலும் இலவசமே. அங்ஙனமாயின் அவளுக்குக் காப்புறுதி எதற்கு? இவ்வினாவுக்கு விடை, அவளது செலவுக் கணக்கைப் பார்த்தாற் புலனாகும்.

முதலாவது வழிச்செலவு. லயத்தினின்று பிரதான வீதிக்கு வருவதற்கு முச்சக்கரவண்டி. அங்கிருந்து பசறை வழியாகப் பேருந்து. இரவாயின் வாடகை இரட்டிக்கும். '1990' அம்புலன்ஸ் சேவை இன்று இலவசமாய்க் கிடைப்பினும், லயத்து வாசல்வரை வண்டி வரக்கூடிய பாதை எல்லாத் தோட்டங்களிலும் இல்லை. 2025 நவம்பரில் வீசிய 'டித்வா' சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மண்சரிவினாற் பட்ட பாட்டை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, மருந்தும் பரிசோதனையும். வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கிவருமாறு சீட்டு எழுதிக் கொடுக்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இச்சீட்டுக்கள் பெருகின. குருதிப் பரிசோதனைக்கும் படப்பிடிப்புக்கும் நெடுநாட் காத்திருக்க இயலாதார் தனியார் கூடங்களை நாடுகின்றனர். இலங்கையின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ அரைவாசி குடும்பங்களின் கையினின்றே செல்கின்றது என்னும் உண்மை, இலவச மருத்துவ நாட்டில் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மூன்றாவதும் பெரியதும் கூலியிழப்பு. தோட்டத்தில் வேலைக்குச் சென்றாற்றான் செக்ரோலிற் பேர் விழும். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாயாக உயர்த்தவும், அதனோடு வருகைக்கான ஊக்கத்தொகையாக நாளுக்கு 200 ரூபாயை அரசாங்கமே கொடுக்கவும் முன்மொழிந்தது. குறைந்த தொகையாகிய 1,350 ரூபாயையே கொண்டு கணிப்போம். மனைவி ஐந்து நாள் வைத்தியசாலையிற் படுத்திருக்கின்றாள், கணவன் உடனிருக்கின்றான், இருவரும் தோட்டத்து வேலையாட்கள். இழந்த பேர் பத்து. இழந்த கூலி 13,500 ரூபாய். மருத்துவத்துக்கு ஒரு சதமும் கொடாமலே அக்குடும்பம் அரை மாதத்து அரிசியை இழந்துவிட்டது. அடகுக் கடையும் வட்டிக்காரனும் இவ்விடைவெளியிலேதான் நுழைகின்றனர். அது மட்டுமன்று; இவ்விழப்புக்கு அஞ்சியே பலர் நோயை மறைத்து மலையேறுகின்றனர். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிக் கொழுந்தெடுக்கச் செல்பவள், நோய் முற்றிய பின்னரே பதுளைக்கு வருகின்றாள்.

வள்ளுவர் அளவுகோலைக் கொண்டு பார்ப்போம். நம் நாட்டரசு நோய் தீர்ப்பவனைத் தருகின்றது. மருந்தைப் பெரும்பாலும் தருகின்றது. நோயுற்றவனின் பசிக்கும், உழைச்சென்று பேணுபவனின் கூலியிழப்புக்கும் வழி கூறவில்லை. நமக்கு வேண்டிய காப்புறுதி இவ்விரண்டனையும் தாங்குவதாய் அமைதல் வேண்டும்.

இப்பொழுது உள்ளவை யாவை?

அரசாங்க ஊழியருக்கு 'அக்கிரகார' என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினால் நடத்தப்படும் இதற்கு ஆசிரியராகிய எம் சம்பளத்தினின்று மாதந்தோறும் சிறு தொகை கழிக்கப்படுகின்றது. எல்லாரும் சேர்ந்திருத்தலின் கட்டணம் குறைவாயுளது. பாடசாலைப் பிள்ளைகளுக்காக 2017 ஆம் ஆண்டில் 'சுரக்ஷா' காப்புறுதி தொடங்கப்பட்டது. அதன் கட்டணம் முழுவதையும் அரசாங்கமே ஏற்றது. பிள்ளையின் மருத்துவச் செலவு, விபத்து, பெற்றோர் இறப்பு ஆகியவற்றுக்கு அது உதவிற்று. இடையில் நின்று, 2024 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே காப்புறுதியின்கீழ் வந்தமை இதன் சிறப்பு. பெற்றோர் படிவம் நிரப்பத் தெரியாமையாற் பல குடும்பங்கள் உரிய பணத்தைக் கேளாது விட்டமை இதன் குறை.

தொழிலாளர் பலர் அறியாத காப்புறுதியொன்றும் உளது. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, தொழில்கொள்வோர் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் நூற்றுக்கு 3 பங்குக்குச் சமமான தொகையைத் தம் பணத்தினின்று செலுத்துகின்றனர். முதுமையில் வாங்கும் பணமாக மட்டுமே இதனைத் தொழிலாளர் எண்ணுகின்றனர். இந்நிதியத்தின் உறுப்பினர்க்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்தல் முதலியவற்றுக்கு உதவிப் பணமும், நிரந்தர அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதியும் உண்டு. கண்ணிற் புரைபடர்ந்து கொழுந்தெடுக்க இயலாது வீட்டில் அமர்ந்திருக்கும் தோட்டத்துத் தாய், தனக்குரிய உதவி ஒன்று இருப்பதை அறியாதிருத்தல் வருந்தத்தக்கது. பாரிய சத்திரசிகிச்சைக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 ஆம் ஆண்டு முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதும் அறியற்பாலது.

மானியம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

மானியத்தை விரித்தலுக்கு எதிரான வாதம் வலியது. அரசாங்கத்திடம் உள்ள ரூபாய் அளவானது. அதனைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டணமாகக் கொடுப்பின், அதில் ஒரு பகுதி நிருவாகத்திலும் இலாபத்திலும் கழிந்த பின்னரே நோயாளனை அடையும். அதே ரூபாயைப் பதுளை வைத்தியசாலைக்கு மருந்து வாங்கக் கொடுப்பின் நேரே சென்றடையும். மேலும், தனியார் வைத்தியசாலைகள் நகரங்களில் உள்ளன. தோட்டத்தாருக்குக் காப்புறுதி அட்டை கொடுப்பது, கிணறில்லாத ஊரில் வாளி கொடுப்பது போலாகும். இவ்வாதத்தை யாம் பெரும்பாலும் ஏற்கின்றோம். மருத்துவனுக்கும் மருந்துக்கும் உரிய பணம் அரசாங்க வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். இலவச மருத்துவத்தைக் குறைத்து அதற்கு ஈடாகக் காப்புறுதி அட்டை கொடுக்க எவரேனும் முனைவாராயின், அதனைத் தோட்ட மக்கள் எதிர்த்தல் கடன்.

ஆயின் மேற்கண்ட இடைவெளியாகிய வழிச்செலவும் கூலியிழப்பும் வைத்தியசாலைக்குக் கொடுக்கும் பணத்தினால் அடைபடா. அவற்றுக்குச் சிறியதொரு காப்புறுதியே தக்கது. அது அமையவேண்டிய முறையை ஐந்து கூறுகளிற் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, அது தனித்தனி ஆள் விரும்பி வாங்குவதாயன்றித் தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒருங்கே சேர்வதாயிருத்தல் வேண்டும். கூட்டுக் கலைவதன் காரணத்தை முன்னரே கண்டோம். பதிவேட்டில் பேருள்ளவரை மட்டும் சேர்த்தலும் போதாது. தோட்டத்தில் வாழ்ந்தும் தோட்டத்து வேலை செய்யாதார் இன்று மிகுதி. மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வோரும், கொழும்புக் கடைகளிற் பணிபுரியும் இளைஞரின் முதிய பெற்றோரும் விடுபடலாகாது. 2023 ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தின் பட்டியலை, அதன் பிழைகளைத் திருத்தி, இதற்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, அரசாங்க வைத்தியசாலையிற் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான தொகை கொடுக்கப்படுதல் வேண்டும். உடனிருந்து பேணுபவனுக்கும் ஒரு பங்கு வேண்டும். வைத்தியசாலையிலிருந்து விடுவிக்கும் சீட்டே போதிய சான்றாகும். நாட்கணக்கிற் கொடுப்பதனால் வேண்டாத சத்திரசிகிச்சைக்கு இங்கு இடமில்லை.

மூன்றாவது, கட்டணத்தை மூவர் பகிர்தல் நன்று. அரசாங்கமும் கம்பனியும் பெரும் பங்கையும் தொழிலாளி மிகச் சிறு பங்கையும் ஏற்பாராக. வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க முன்வந்த அரசாங்கம், நோயினால் வரவியலாத நாளுக்கும் ஒரு வழி காணலாம் என்பது நியாயமே. வேலையற்ற முதியோரின் பங்கை அரசாங்கமே முழுதும் ஏற்றல் வேண்டும்.

நான்காவது, படிவம் தமிழிலும் இருத்தல் வேண்டும். பணம் கேட்கும் வழி தோட்டத்திலேயே தொடங்குதல் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவளுக்கு எட்டாத காப்புறுதி, அவள் பேரில் இன்னொருவர் பெறும் வருமானமாகிவிடும்.

ஐந்தாவது, மானியம் ஆண்டுதோறும் எவரது கருணையையும் நோக்கி நில்லாது சட்டத்தினால் நிலைபெறுதல் வேண்டும். அமெரிக்காவிற் கண்ட தவணை நடுக்கமும், 'சுரக்ஷா' இடையில் நின்றமையும் இதற்குச் சான்று.

முடிவுரை

காப்புறுதி நோயைத் தடுப்பதில்லை. நல்ல குடிநீரும், காற்றோட்டமுள்ள வீடும், பிள்ளைக்குப் போதிய உணவும் இல்லாதவிடத்து எத்தகைய காப்புறுதியும் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும். இலவச மருத்துவம் நம் நாட்டு மக்கள் பெற்ற பெருஞ் செல்வம்; அதனைக் காப்பது முதற் கடன். அது எட்டாத இடைவெளியைக் காப்புறுதியாலும் மானியத்தாலும் அடைப்பது அடுத்த கடன்.

இக்கல்லூரி மாணவருட் பலர் தோட்டத்து லயங்களினின்று வந்தோர். நாளை அவருட் சிலர் மருத்துவராவர், சிலர் எழுதுவினைஞராவர், சிலர் சட்டமியற்றும் மன்றத்துக்கும் செல்லக்கூடும். அதுவரை காத்திருக்கவேண்டுவதில்லை. இவ்விடுமுறையிலேயே தத்தம் தோட்டத்துக்குச் சென்று, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் தாய் தந்தையர்க்குள்ள உரிமை யாது, 'சுரக்ஷா'விற் கேளாது விட்ட பணம் உண்டோ, பிரதேச செயலகத்திற் பெறக்கூடிய உதவி யாது என்பனவற்றை வினவியறிந்து, பக்கத்து லயத்தாருக்கும் படிவம் எழுதிக்கொடுப்பாராக. உள்ள உரிமையைக் கேட்டுப் பெறப் பழகிய மக்களுக்கே புதிய உரிமையைக் கேட்கும் வலிமையும் உண்டாகும்.